சாமி பேரைச் சொல்லி நடந்த கொடுமையை எதிர்த்த அம்மா

அரசுப் பள்ளியில் படிச்சுட்டுக் காலேஜ் போற நம்ம பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் வருதே, அந்தப் புதுமைப் பெண் திட்டத்தோட முழுப்பெயரில் ஒரு அம்மா பேர் இருக்கு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவங்க வாழ்க்கையை நம்ம எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

அம்மையார் பிறந்தது 1883-ல். வீட்டில் வறுமை. பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் அவரை ஒரு தாசி வீட்டில் விட்டுட்டாங்க என்று சொல்வாங்க. வளர்ந்த ஊர் மயிலாடுதுறை பக்கத்து மூவலூர். அந்தக் காலத்தில் அப்படி வளர்ற பெண்பிள்ளைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடுவாங்க. பேருக்குச் சாமியோட மனைவி. உண்மையில் ஊர்ப் பணக்காரங்க இஷ்டத்துக்கு வாழணும். அம்மையாரை ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தாங்க. அவர் மறுத்துட்டு, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அதோட நிற்கவில்லை. மற்ற பெண்களையும் மீட்கணும்னு வீடு வீடாகப் போய்ப் பேசினார். முதலில் காங்கிரஸில் இருந்தார். பிறகு பெரியாரோட சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். சாமி பேரைச் சொன்னதால்தானே பெற்றவங்களே பிள்ளையைக் கொடுத்தாங்க? அதனால் வழக்கத்தை மட்டும் இல்லாமல், அதைத் தாங்கி நின்ற புராணத்தையும் சடங்கையும் சேர்த்தே எதிர்த்தார். 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் படையோட திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தார். அப்போ அவருக்கு வயசு 55. அதே வருஷம் ஜெயிலுக்கும் போனார்.

சட்டசபையில் இதுக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர். மதத்தில் கை வைக்காதே என்று அவரை எதிர்த்தவங்க உண்டு. கடைசியில் 1947-ல் பொட்டுக் கட்டுறதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1962-ல் அம்மையார் காலமானார்.

எங்க கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கு. நானும் சாமி கும்பிடுறவதான். ஆனா அம்மையார் கதையைப் படிச்ச பிறகு ஒண்ணு நல்லாப் புரியுது. ஒரு பெண் கஷ்டப்படுறதைச் சாமி விருப்பம்னு யாராவது சொன்னா, அதில் லாபம் யாருக்குன்னு முதலில் பார்க்கணும். அந்த மூணு நாள் வீட்டுக்கு வெளியே உட்காரச் சொல்றாங்க. தாலி அறுத்தவளை நல்ல காரியத்தில் ஒதுக்குறாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் குறி கேட்கச் சொல்றாங்க. இதெல்லாம் சாமி கேட்டதுன்னு யாருக்குத் தெரியும்? மனுஷங்கதானே சொன்னாங்க.

தோஷம், பரிகாரம்னு நம்ம குழுவில் யாராவது கடன் கேட்டு வந்தா, தீர்மானம் எழுதுறதுக்கு முன்னாடி அந்தச் சகோதரியோட உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பணம் பிள்ளை படிப்புக்கோ ஒரு கறவை மாட்டுக்கோ ஆகுமே.