ஃபிஜி டிரிப் பிளான் பண்றீங்களா? முதல்ல லாலா சுகுணாவைத் தெரிஞ்சுக்கோங்க!

நீலக் கடல், வெள்ளை மணல், எதிரே வருபவரெல்லாம் சிரித்தபடி சொல்லும் 'புலா' வணக்கம்... ஃபிஜி என்றதும் ரீல்ஸில் வருவது இவ்வளவுதான். ஆனா, ரிசார்ட்டைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள் போகணும்னா கதையே வேற. தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு கட்டு யங்கோனா வேரோடு (கவா பானம் தயாரிப்பது இதில்தான்) போய், ஊர்ப் பெரியவர்கள் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும். இந்தச் சடங்குக்குப் பெயர் 'செவுசெவு'.

ஏன் இவ்வளவு மரியாதை? ஏன்னா, நீங்கள் நிற்கும் மண் அந்த ஊர்க்காரர்களுடையது. 1874 முதல் 1970 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு அது. ஆனாலும், நிலத்தில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இன்றும் பூர்வகுடி மக்களின் குலங்களிடம்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் கட்டிக் காத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர், ராத்து சர் லாலா சுகுணா.

யார் இந்த சுகுணா?

பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டு சுகுணா அக்கா ஞாபகத்துக்கு வரலாம். இவர் ஆண், அதுவும் பெரிய தலைவர் குடும்பத்து ஆண். 'ராத்து' என்பது அந்தக் குடும்பங்களில் பிறந்த ஆண்களுக்கான பட்டம். 1888 ஏப்ரல் 22-ல், ஃபிஜியின் அதிகார மையமாக இருந்த பாவ் தீவில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்கு நியூசிலாந்து போனார். திரும்பி வந்து அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தார், பிறகு பள்ளியில் பாடம் நடத்தினார். 1913-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படிக்கச் சேர்ந்தார்.

அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர ஆசைப்பட்டார். சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் பிரச்னை. மனுஷன் சளைக்கவில்லை, பிரான்ஸின் அயல்நாட்டவர் படையில் போய்ச் சேர்ந்தார். 1915-ல் போர்க்களத்தில் காயமடைந்தார். பிரான்ஸ் அரசு வீரப் பதக்கம் கொடுத்து கௌரவித்தது. போருக்குப் பிறகு விட்ட படிப்பை முடித்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி ஃபிஜியர் அவர்தான். லண்டனில் வக்கீலாகவும் தகுதி பெற்று, 1921-ல் ஊர் திரும்பினார்.

அளந்து எழுதிய எல்லைகள்

ஃபிஜியில் பூர்வகுடிகளின் நிலம் தனி ஆள் பெயரில் இருக்காது. 'மதங்காலி' எனப்படும் குலத்துக்குச் சொந்தம். நம்ம ஊர் பங்காளி வகையறா மாதிரி. எந்த ஓடை வரை யாருடையது, எந்த மலைச்சரிவு யாருக்கு என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் இருந்தது. நில ஆணையத்தில் பொறுப்பேற்ற சுகுணா ஊர் ஊராகப் போனார். முதியவர்கள் சொன்ன வம்சக் கதைகளைக் கேட்டு, தகராறுகளைத் தீர்த்து, எல்லைகளைப் பதிவாக்கினார்.

அடுத்த சிக்கல் குத்தகை. கரும்பு பயிரிட நிலம் தேவை. அதை உழுதவர்களில் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளியினர். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக 60,000-க்கும் மேற்பட்டோர் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் தமிழர்களும் ஏராளம். அவர்கள் வழியாக வந்த முருக வழிபாட்டை நாந்தி நகரின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் இன்றும் பார்க்கலாம்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் ஒவ்வொரு குலத்திடமும் தனித்தனியாகக் குத்தகை பேச வேண்டியிருந்தது. புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்ற பயம் எப்போதும் உண்டு. இதற்கு சுகுணா சொன்ன வழி: எல்லா நிலத்தின் நிர்வாகத்தையும் ஒரே அறக்கட்டளை வாரியத்திடம் கொடுப்போம். குலங்களின் தேவைக்கான நிலத்தை ஒதுக்கிவிட்டு, மீதியைக் குத்தகைக்கு விடலாம்.

சொல்வது சுலபம். தாத்தன் பாட்டன் மண்ணின் நிர்வாகத்தை யாரோ ஒரு வாரியத்திடம் எந்தத் தலைவர் லேசில் ஒப்படைப்பார்? சுகுணா பேசிப் பேசி சம்மதிக்க வைத்தார். 1936-ல் தலைவர்கள் பேரவை ஒப்புக்கொண்டது. 1940-ல் அது சட்டமானது.

மறுபக்கமும் இருக்கு

இந்த ஏற்பாடு பூர்வகுடிகளைக் காப்பாற்றியது உண்மை. காலனி ஆட்சியில் மண்ணை மொத்தமாக இழந்த தீவுகள் பசிபிக்கிலேயே உண்டு. ஃபிஜிக்கு அந்த நிலை வரவில்லை. ஆனா, மூன்று தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளி விவசாயிக்கு அந்த வயல் கடைசி வரை குத்தகை நிலம்தான். பின்னாளில் வந்த சட்டப்படி கொடுக்கப்பட்ட 30 ஆண்டு குத்தகைகள் 1997-லிருந்து முடியத் தொடங்கின. பல புதுப்பிக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறின.

பூர்வகுடிகளுக்கும் ஒரு விலை இருந்தது. தலைவர்கள் சொல்படி நடக்கும் கிராமம்தான் சுகுணா நம்பிய உலகம். அவர் வழிநடத்திய நிர்வாக முறையில் ஊர்ப் பொது வேலை கட்டாயம். சொந்தமாக முன்னேற நினைத்தவரை அது கட்டிப்போட்டது. அவர் மறைந்த அடுத்த ஆண்டே, 1959-ல், புவியியலாளர் ஆஸ்கர் ஸ்பேட்டின் அறிக்கை அந்த முறையைக் கடுமையாக விமர்சித்தது. பூர்வகுடிகள் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக நேரடியாக வாக்களித்தது 1963-ல்தான்.

கடலில் முடிந்த பயணம்

1946-ல் சர் பட்டம் வந்தது. பிறகு சட்டமன்ற சபாநாயகரானார். 1958 மே 30-ல், இங்கிலாந்து செல்லும் வழியில், இலங்கைக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் 'ஆர்கேடியா' கப்பலிலேயே உயிர் பிரிந்தது. வயது 70. லாவ் தீவுக் கூட்டத்தின் லகெம்பா தீவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நினைவாக மே மாதக் கடைசி திங்கள்கிழமை அரசு விடுமுறை ஆனது. 2010-ல் அன்றைய அரசு அதை நீக்கியது. ஆட்சி மாறியதும் 2023-ல் மீண்டும் வந்தது. ஒரு லீவு நாளைச் சுற்றியே இவ்வளவு அரசியல் என்றால், அந்த மனிதர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் சூடாகவே இருக்கிறது என்று அர்த்தம்: மண் யாருக்கு? பிறந்த குலத்துக்கா, உழுத கைக்கா?

அதனால், ஃபிஜி போனால் செவுசெவுவை ஒரு போட்டோ வாய்ப்பாக மட்டும் பார்க்காதீங்க. அந்த வேர்க்கட்டை வாங்கிக்கொண்டு உங்களை உள்ளே அழைக்கும் உரிமை ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. அப்படியே கரும்பு வயல்கள் பக்கமும் ஒரு நடை போங்க. அந்த உரிமை கிடைக்காமலேயே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ரெண்டு பேரிடமும் பேசினால்தான் ஃபிஜி முழுசாகப் புரியும்.