வீடுதோறும் படிக்கப்பெற்ற கல்கி

நூல்களில் இருவகை உண்டு. கற்றோரால் போற்றப்பெற்று அலமாரியில் அழகாக வீற்றிருப்பவை ஒருவகை. பலர் கைபட்டு ஓரம் மடிந்து, அட்டை தேய்ந்து, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் சென்று எளிதில் திரும்பி வாராதவை மற்றொருவகை. நமது சங்க நூல்நிலையத்தில் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை பெரும்பாலும் அமரர் கல்கியின் நூல்களே என்பதை அன்பர்கள் நன்கறிவர். அவற்றின்மீது நமக்கேன் இத்துணைப் பற்று என்று ஆராயப் புகுந்தால், அவற்றை ஆக்கியோனின் வாழ்வையே முதற்கண் நோக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சைத் தரணியில் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் அவ்வூர்க் கணக்குப்பிள்ளை. செல்வம் கொழித்த குடும்பமன்று. உள்ளூரில் தொடங்கிய கல்வி, மாயூரத்திலும் பின்னர்த் திருச்சியிலும் தொடர்ந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், 1921-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு நாடெங்கும் முழங்கிற்று. மாணவர் கிருஷ்ணமூர்த்தி தேர்வைத் துறந்து வெளியேறினார்.

இச்செய்தியைப் படிக்குந்தோறும் நாம் சற்று நின்று விடுவதுண்டு. பள்ளியிறுதிச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டே ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பெற்று, அதனால் மனைவி மக்களைக் காத்து வருபவர் நாம். அந்தக் காகிதத்தின் மதிப்பு இன்னதென்று நமக்குத் தெரியும். எளிய குடும்பத்துப் பிள்ளையொருவன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அதனைக் கைவிட்டான் என்பது சிறு காரியமன்று. மறு ஆண்டில் அவருக்குக் கிடைத்ததோ ஓராண்டுச் சிறைவாசம்!

விடுதலையடைந்தபின் 1923-இல் திரு.வி.க. அவர்களின் 'நவசக்தி'யில் உதவியாசிரியராக அமர்ந்தார். நல்ல தமிழைப் பிழையறவும் பிறர்க்கு விளங்கவும் எழுதும் பயிற்சி அங்கே அவருக்குக் கைவந்தது. பின்னர்த் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குக்காக நடத்தப்பெற்ற 'விமோசனம்' இதழில் துணை நின்றார். கள்ளுக்கடையினால் சீரழியும் ஏழைக் குடும்பத்தார்க்காக எழுதுகையில், கடினமான சொல்லுக்கு இடமேது? படிக்கக் கேட்டாலே பொருள் விளங்கவேண்டும் என்னும் நெறி அவர் எழுத்தில் இறுதிவரை நிலைத்தது.

1931-இல் மீண்டும் சிறை சென்றார். பிறகு எஸ்.எஸ். வாசன் அவர்களின் 'ஆனந்த விகடன்' ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நகைச்சுவைக் கட்டுரைகளும், 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய இசை விமரிசனங்களும், 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' முதலிய தொடர்கதைகளும் தமிழ் நாட்டில் வாசிப்போர் தொகையைப் பெருக்கின. 'தியாக பூமி' 1939-இல் கே. சுப்பிரமணியம் அவர்களால் திரைப்படமாகவும் வெளிவந்தது.

வசதியான அந்தப் பதவியும் நிலைக்கவில்லை. 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்றாம் முறையாகச் சிறை புகுந்தார். வெளிவந்தபோது கையில் உத்தியோகம் இல்லை. நண்பர் சதாசிவமும் அவரும் கூடிச் சொந்தமாக வாரப் பத்திரிகை தொடங்கத் துணிந்தனர். அதற்கான மூலதனத்திற்காகவே, சதாசிவத்தின் துணைவியாரும் இசையரசியுமான எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். இங்ஙனம் பிறந்ததே 'கல்கி' இதழ். பெருங்கதைகளும் அதன் பின்னரே வந்தன.

முதலில் 'பார்த்திபன் கனவு'. அடுத்து, 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்'. ரசிகமணி டி.கே.சி. அவர்களுடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோது உள்ளத்தில் உதித்த கற்பனை, பல ஆண்டுகள் ஊறியபின் அக்கதையாயிற்று. கற்சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் நம் போன்றோர்க்கு, அவற்றைச் செதுக்கிய கைகளையும் அக்கைகளுக்குரியோரின் கண்ணீரையும் காட்டினார் கல்கி.

1948-இல் தொடங்கிய 'அலை ஓசை' நம்மனோர்க்குத் தனிப்பட்ட உரிமையுடையது. அரசர் கதையன்று அது. தில்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சீதா என்னும் பெண்ணின் கதை. விடுதலைப் போரும், தேசப் பிரிவினையும், அப்போது நிகழ்ந்த கொடுமைகளும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எவ்வாறு தாக்கின என்பதை அதிற் காணலாம். உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்தவர்களின் வீட்டிலும் காவியத்துக்குரிய துயரம் உண்டென்பதை அந்நூல் உணர்த்திற்று. கல்கி மறைந்தபின், 1956-இல், சாகித்திய அகாதெமியின் பரிசு அதற்கே வழங்கப்பெற்றது.

இனிப் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்து, 1954 மே மாதத்தில் நிறைவுற்றது. அக்காலத்தில் நம் பாட்டனார் இவ்வடநாட்டு ரயில்வேயில் பணிபுரிந்தார். சென்னையிலிருந்து இதழ் வந்து சேரச் சில நாட்களாகும். வந்த அன்று மாலை ஒருவர் உரக்கப் படிக்க, அண்டை வீட்டாரும் வந்தமர்ந்து கேட்பார்களாம். பின்னர்ப் பாட்டனார் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மணியம் அவர்களின் சித்திரங்களோடு நூலிட்டுத் தைத்து வைத்தார். பழுப்பேறிய அத்தொகுப்பு இன்று நம்மிடம் உள்ளது.

வாசகர்கள் அக்கதையை விரும்புவதற்குக் காரணங்கள் பல. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவன், ராஜ்யம் ஆளும் மன்னன் அல்லன். முன்னோர் ஆண்ட நிலத்தை இழந்து பிறரிடம் பணிபுரிய வந்தவன். தவறுவான், அகப்பட்டுக்கொள்வான், சமயோசிதத்தால் தப்புவான். ஊரைவிட்டுப் பிழைக்க வந்த எவரும் அவனிடம் தம்மைக் காண்பது இயல்பே. செப்பேடுகளும் கல்வெட்டுகளும் சொன்னவற்றோடு கற்பனையை இணைத்தார் ஆசிரியர். ஆயினும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்னும் வினாவை முற்றாக அவிழ்க்காது விடுத்தார். வாசகர்களோ இன்றுவரை வீட்டுத் திண்ணையில் வழக்காடி வருகின்றனர். அன்றியும், பாட்டி முதல் பேத்தி வரை ஒருங்கே அமர்ந்து கூச்சமின்றிக் கேட்கத்தக்க எழுத்து அது. ஆசிரியர் அவ்வப்போது வாசகரை நோக்கியே பேசுவார். வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகிருந்து கதை சொல்வது போலிருக்கும்.

எனினும், எல்லாவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டென்பது நம் கருத்து. கதையின் இறுதிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். தன் தலைக்கு வந்த மணிமகுடத்தை இளவரசர் அருள்மொழிவர்மர் சிற்றப்பன் முறையினரான உத்தம சோழருக்கு விட்டுக் கொடுக்கிறார். இதனை எழுதியவர், தேர்வையும் பதவியையும் துறந்து மும்முறை சிறை சென்றவர். துறத்தல் எத்தகையது என்று அறிந்தே எழுதினார். ஆகவே வாசகர் நம்பினர். பாரதியாருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப அவர் பொருளுதவி வேண்டியபோது, எளிய வாசகர்களும் மனமுவந்து அனுப்பியது அந்நம்பிக்கையினாலன்றோ! 1947-இல் அம்மண்டபம் திறக்கப்பெற்றது.

பெருங்கதையை முடித்த ஏழாம் மாதத்தில், 1954 டிசம்பர் 5-ஆம் நாள், காசநோயினால் கல்கி காலமானார். வயது ஐம்பத்தைந்து. தொண்ணூறுகளின் இறுதியில் அவர் நூல்கள் நாட்டுடைமையாகி மலிவு விலையில் பெருகின. அவர் தோற்றுவித்த வார இதழ் 2020-இல் அச்சில் வருவது நின்றது. 2022-இலும் 2023-இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபோது நமது காலனியே திரண்டு சென்றது.

படம் பார்த்துத் திரும்பிய இரவில் நம் மகள், பாட்டனாரின் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு சித்திரங்களைப் புரட்டினாள். நந்தினி யார், பூங்குழலி யார் என்று கேட்டாள். பெயர்கள் பக்கத்திலேயே அச்சாகியிருந்தன. அவளால் படிக்க இயலவில்லை. வீட்டில் தமிழ் பேசுவாள்; பள்ளியில் கற்பதோ ஹிந்தியும் ஆங்கிலமும். குற்றம் அவளுடையதன்று. மாலை வேளைகளில் களைப்பென்று சாய்ந்துவிட்ட நம்முடையதே. பாட்டனார் அத்தனை வாரம் காத்திருந்து தைத்து வைத்த நூல், நம் தலைமுறையோடு வெறும் சித்திரத் தொகுதியாகிவிடுமோ என்றெண்ணி அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் முதல் உணவுக்குப்பின் ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கலானோம். சுவையான இடத்தில் நிறுத்திவிடுவோம். அதற்குக் கல்கியே வகை செய்து வைத்திருக்கிறாரே! அடுத்தது என்னவென்று அறியும் ஆவலில் அவள் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். ஐந்து பாகங்களில் இரண்டாம் பாகத்தை எட்டியிருக்கிறோம். இப்போது ஒரு பக்கம் நாம் படித்தால் மறு பக்கம் அவள் படிக்கிறாள்; தடுமாறித்தான், ஆயினும் தானே.

இவ்வாண்டு விழாவில் அன்பர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். ஞாயிறு மாலைகளில் நமது சங்க மண்டபத்தில் கல்கியின் கதையொன்றை முறைவைத்துப் படிப்போம். பெரியோர் படிக்கட்டும், குழந்தைகள் கேட்கட்டும், சில நாளில் அவர்களே படிக்கட்டும். பள்ளித் தேர்வைத் துறந்து சென்ற ஒருவர் தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றிற்கு ஆசிரியரானார். நம் காலனிக் குழந்தைகளுக்கும் அவரே ஆசிரியராகட்டும். வாழ்க அமரர் கல்கியின் நினைவு!