காது கேளாத ஆசிரியர்

விண்வெளிக்கு வழி சொன்னவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அதிலும் காது சரியாகக் கேளாதவர். இதை அறிந்தபோது நான் மிகவும் வியந்தேன். அவர் பெயர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி.

இவர் 1857-ஆம் ஆண்டு ருஷ்ய நாட்டின் இஷெவ்ஸ்கோயே கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் தாயார் இவருக்கு ஹைட்ரஜன் நிரப்பிய குட்டி பலூன் ஒன்றைத் தந்தார். பட்டம் விடுவதிலும் இவருக்குக் கொள்ளை ஆசை. சிறு பெட்டியில் கரப்பான் பூச்சியை அடைத்துப் பட்டத்து நூல் வழியே மேலே அனுப்புவாராம். பாவம், அந்தப் பூச்சி!

பத்து வயதளவில் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு செவிப்புலன் பெரிதும் குறைந்தது. பதின்மூன்றாம் வயதில் தாயும் இறந்தார். ஆசிரியர் சொல்வது காதில் விழாததால் பள்ளிப் படிப்பும் நின்றது. அதன்பின் புத்தகங்களும் சொந்தக் கைகளுமே இவருக்கு ஆசிரியர்கள். நீராவியைப் பின்னால் பீய்ச்சி ஓடும் சிறு வண்டியைத் தாமே செய்தார். பதினாறு வயதில் மாஸ்கோ சென்று, கறுப்பு ரொட்டியைத் தின்றுகொண்டு நூலகத்தில் பயின்றார். 1879-இல் ஆசிரியர் தேர்வில் வென்று, அடுத்த ஆண்டு போரோவ்ஸ்க் நகரில் கணக்கு ஆசிரியரானார்.

அங்கே காகிதத்தால் பெரிய பலூன் செய்து, அடியில் சுள்ளியைக் கொளுத்திப் பறக்கவிடுவார். ஒருநாள் கட்டியிருந்த கயிறு எரிந்துவிட்டது! தீப்பொறிகளைச் சிந்திக்கொண்டே பறந்த பலூன் ஒரு செருப்புத் தைப்பவரின் கூரையில் போய் விழுந்தது. அவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாராம்.

1892-இல் கலூகா நகருக்கு மாற்றலானார். 1899 முதல் அங்குள்ள மறைமாவட்டப் பெண்கள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தார். மாணவியர் பெரும்பாலும் குருமார்களின் புதல்வியர் (அந்தத் திருச்சபையில் குருமார் மணம் செய்துகொள்வதுண்டு). மாணவியர் பேசுவதைக் கேட்கத் தகரத்தால் தாமே செய்த நீண்ட குழலைக் காதில் வைத்துக்கொள்வார். நம் வகுப்பாக இருந்தால் முதல் நாள் சிரித்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

வாய் கட்டாத பலூனைக் கைவிட்டால் காற்று ஒரு பக்கம் சீற, பலூன் மறுபக்கம் பாயும். காற்றே இல்லாத விண்வெளியிலும் இம்முறையில் செல்லலாம் என்பதை 1903-இல் கணக்கிட்டு வெளியிட்டார். திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரிபொருளாகச் சொன்னார். அன்று அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. 1908-இல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. அப்போதும் எழுத்தை விடவில்லை.

1935 செப்டம்பர் 19 அன்று கலூகாவில் காலமானார். அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1957-இல் முதல் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. அவர் வாழ்ந்த மரவீடு இன்று காட்சிச்சாலை. அந்தத் தகரக் குழல்களும் அங்கே இருக்கின்றன.