பேராசிரியர் கோத்தாரியும் படை அதிகாரிகளின் கல்வியும்

கோத்தாரி என்னும் பெயரைக் கேட்ட அளவில் ஆசிரியப் பெருமக்களின் நினைவுக்கு வருவது 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கல்விக் குழுவேயாகும். தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றதும், கல்லூரிகளை விட்டுப் புகுமுக வகுப்பு விடைபெற்றதும் அக்குழு காட்டிய வழியில் நிகழ்ந்தவை. வண்டியூரிலிருந்தும் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் மேல்நிலை முடித்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் அம்மனிதரின் திட்டத்தில் பயின்றவரே. ஆயினும் பள்ளிகளுக்கு வழி வகுப்பதற்கு முன்பே, அவர் படை அதிகாரிகளுக்கு ஓர் உயர்கல்விக் கூடம் கண்டவர் என்பதை நம்முள் பலர் அறியோம்.

தௌலத் சிங் கோத்தாரி 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் உதயப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆசிரியர், மைந்தர் சிறுவராக இருந்தபோதே மறைந்தார். அலகாபாத்தில் மேகநாத் சாகாவிடம் இயற்பியல் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். அதே காலத்தில் அங்கு ஆய்வு செய்தவர் நம் சந்திரசேகர். விண்மீன்களினுள் பேரழுத்தத்தால் அணுக்கள் சிதைந்து எலக்ட்ரான்கள் விடுபடுவதைக் கோத்தாரி ஆராய்ந்தார். 1934 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தார்.

இத்தகைய விண்மீன் ஆய்வாளருக்கும் பீரங்கிக்கும் என்ன தொடர்பு என்று நாம் வியக்கலாம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் படைக்கலத் தொழிற்சாலைகள் அயலார் வரைந்தளித்த வரைபடங்களைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தன. செய்யும் கை நம்முடையது. சிந்தித்த மூளை பிறருடையது. ஆங்கிலேய அறிவியலாளர் பிளாக்கெட் 1948இல் நேருவின் அழைப்பை ஏற்று வந்து, பாதுகாப்புக்கு அறிவியலைப் பயன்படுத்தும் வகை பற்றி அறிக்கை அளித்தார். அவ்வாண்டே கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரானார். 1961 வரை அப்பொறுப்பிலிருந்தார்.

ஆய்வுக்கூடங்களைக் கட்டிவிடலாம், கருவியைப் போர்க்களத்தில் கையாளும் அதிகாரிக்கு அறிவியலாளர் பேசும் மொழி விளங்க வேண்டுமே! வெடிமருந்து எரியும் வேகம், குழாயின் எஃகு தாங்கும் வெப்பம், காற்றைக் கிழித்துச் செல்லும் குண்டின் பாதை ஆகிய இவையெல்லாம் இயற்பியலும் வேதியியலும் கணிதமுமே. இவற்றை அறியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். தமக்கு வேண்டியது யாதெனக் கேட்க அறியார். இங்கிலாந்து இதற்கென ஷ்ரிவன்ஹாமில் ஒரு கல்லூரி நடத்தியது. அமெரிக்கக் கடற்படைக்குத் தனிப் பட்டமேற்படிப்புப் பள்ளி இருந்தது. கோத்தாரி ஆலோசகராக விளங்கிய காலத்தில், 1952இல், புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்திலேயே படைக்கலவியல் கல்வி நிலையம் தோன்றியது. அதிகாரிகளை அயல்நாட்டுக்கு அனுப்பிப் பயிற்றுவதினும் ஈங்கே ஆசிரியர்களை உருவாக்குவது கடினம். எனினும் அதுவே நிலைக்கும் வழி என்பது நம் கருத்து. அந்நிலையம் 1967இல் பெயர் மாற்றம் பெற்றுப் புனேயை அடுத்த கிரிநகரில் அமைந்தது. 1958இல் உருவான பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பும் அவர் காலத்ததே. இராமேசுவரத்து அப்துல் கலாம் பாதுகாப்புத் துறையில் பணியேற்றதும் அதே ஆண்டில்தான்.

கோத்தாரியோ சமண மரபில் வந்தவர். அகிம்சையில் ஆழ்ந்த பற்றுடையவர். படைக்கலக் கல்விக்கு வழி செய்துகொண்டே அவர் அணுகுண்டின் கொடுமையைக் கணக்கிட்டார். 1954இல் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் கதிரியக்கத் தூசு சப்பானிய மீனவர்மீது படிந்து உலகையே நடுங்கச் செய்தது. அதன் பின்னர், அணு வெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் விளக்கும் நூல் ஒன்றை அவர் 1956இல் வெளிக்கொணர்ந்தார். நேரு அதற்கு முன்னுரை அளித்தார். இவ்விரு பணிகளையும் முரண் என்பாரும் உளர். ஆயுதத்தை உள்ளும் புறமும் அறிந்தவரே அதன் அழிவையும் அளந்து சொல்ல வல்லார் என்பதால், நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை.

1961 முதல் 1973 வரை அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக விளங்கினார். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தோன்றித் தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகப் பெற்றதும் அக்காலத்திலேயே. கல்விக் குழுவில் அவரோடு அமர்ந்தோருள் அலிகரில் பயின்ற கல்வியாளர் கே. ஜி. சையிதைன் குறிப்பிடத்தக்கவர். தாய்மொழி வழியே உயர்கல்வி, அறிவியலுக்கும் கைத்தொழில் அனுபவத்துக்கும் பாடத்திட்டத்தில் இடம் என அக்குழு பரிந்துரைத்தவற்றுள் இன்றும் நிறைவேறாதவை பல. தமிழ்த்துறையினராகிய நமக்கு இது வருத்தமே.

புனே நிலையம் 2000ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி எய்தியது. கோத்தாரி ஒரு காலத்தில் தலைமையேற்றிருந்த மானியக் குழு அப்போதும் செயற்பட்டுக்கொண்டிருந்தது. அவரோ 1993 பிப்ரவரி 4ஆம் நாளே மறைந்துவிட்டார்.