மூளைக்குள் ஒரு சோலை

இந்த முறை நான் எழுதுவது சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற விஞ்ஞானியைப் பற்றி. இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினால் காஜல்னு வரும். சிரிக்காதீங்க, ஸ்பெயின் நாட்டில் கஹால் என்றுதான் சொல்வார்களாம். நாம் யோசிக்கும்போது தலைக்குள் எது எதோடு பேசுகிறது என்று முதலில் கண்டு சொன்னவர் இவர்.

கஹால் 1852-ஆம் ஆண்டு மே 1 அன்று பெட்டில்யா என்ற சின்ன மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா டாக்டர். பையனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. அப்பாவுக்கு அது பிடிக்காது. பள்ளிக்கூடத்திலும் நல்ல பேர் இல்லை. 11 வயதில் சொந்தமாகப் பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக் கதவை உடைத்ததால் அவரை ஜெயிலிலேயே வைத்துவிட்டார்கள்! அப்பா அவரை முடி வெட்டும் கடையிலும் செருப்புத் தைக்கும் கடையிலும் வேலைக்கு விட்டார். பிறகு ஒரு கோடைக்காலத்தில் கல்லறைப் பக்கம் கூட்டிப்போய் எலும்புகளைக் காட்டிப் பாடம் சொன்னார். எலும்பை வரைய ஆரம்பித்தவருக்கு உடம்பைப் பற்றிய படிப்பே பிடித்துப்போச்சு. 1873-ல் டாக்டர் ஆனார். ராணுவ டாக்டராகக் கியூபா போய் மலேரியாவோடு திரும்பினார்.

அப்போதெல்லாம் மூளை என்பது எங்கேயும் அறுபடாத ஒரே வலை என்றுதான் பல பெரிய விஞ்ஞானிகள் நம்பினார்கள். இத்தாலியைச் சேர்ந்த கோல்ஜியும் அப்படித்தான். ஆனால் அவர் 1873-ல் ஒரு அருமையான வழி கண்டுபிடித்திருந்தார். வெள்ளி நைட்ரேட்டை வைத்துச் சாயம் ஏற்றினால் நூறு செல்லில் ஏதோ சில மட்டும் கறுப்பாகும், மற்றவை தெரியாது. எல்லாமே கறுத்தால் வெறும் மைக்கறைதானே தெரியும்!

1887-ல் மாட்ரிட் நகரத்தில் அந்தச் சாயத்தைப் பார்த்த கஹால் அசந்துபோனார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நம்ம பாம்பார் சோலைக்குள்ள நின்னு மேலே பாருங்க. எந்தக் கிளை எந்த மரத்தோடதுனு கண்டுபிடிக்கவே முடியாது. நாற்றங்காலில் அந்தக் கஷ்டம் இல்லை, கன்னு தனித்தனியா நிக்கும். கஹால் செய்ததும் இதுதான். வளர்ந்த மூளையை விட்டுட்டு குஞ்சுப் பறவைகளின் மூளையையும், முட்டைக்குள் வளரும் கருவின் மூளையையும் எடுத்துக்கொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அவர் கண்டது என்ன? ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி. ஒன்றின் கிளை நுனி அடுத்ததன் கிட்டே வந்து நின்றுவிடுகிறது, ஒட்டுவது இல்லை. 1888-ல் தன் காசைப் போட்டே ஒரு பத்திரிகை தொடங்கி இதை எழுதினார். மொத்தம் 60 பிரதிதான். (நம்ம சுவர்ப் பத்திரிகைக்கு ஒண்ணே ஒண்ணு!) ஸ்பானிய மொழியில் இருந்ததால் வெளிநாட்டில் படிப்பார் இல்லை. 1889-ல் பெர்லினுக்கே போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அதைப் பார்த்த கோலிக்கர் என்ற பெரிய பேராசிரியர் அவர் பக்கம் வந்துவிட்டார். 1891-ல் இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பேர் வந்தது.

1906-ல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. கோல்ஜி அந்த மேடையிலும் கஹால் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு அகலம். ஒரு நியூரான் ரசாயனத்தை விட, அது இடைவெளியைத் தாண்டி அடுத்ததைத் தட்டுகிறது. நம்ம மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கு.

இடைவெளி இருப்பதால் என்ன லாபம்னு கேட்பீங்க. ஒரே வலையாக இருந்தால் இருந்தபடியே இருக்கும். தனித்தனி என்றால் ஒரு தொடர்பு பலமாகலாம், இன்னொன்று விட்டுப்போகலாம், புதுசா ஒன்று வரலாம். பயிற்சி செய்யச் செய்யக் கிளைகளும் தொடர்புகளும் பெருகும் என்று கஹால் 1894-லேயே லண்டனில் சொன்னார். படிக்கும்போது தொடர்புகள் மாறுவது உண்மைதான் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். கணக்கு வரலைன்னா நம்மளை மரமண்டைனு திட்டுவாங்க இல்லையா? நியூரானின் கிளைக்கு டென்ட்ரைட் என்று பேர். மரம் என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததாம். அப்படிப் பார்த்தால் திட்டுறவங்க மண்டையும் மரமண்டைதான். அதில் கிளை இன்னும் விடும்.

கஹால் 1934-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று மாட்ரிடில் இறந்தார். அப்பா வேண்டாம் என்ற படம் வரையும் கைதான் கடைசிவரை அவருக்கு உதவியது. சுமார் 2,900 படங்கள் வரைந்திருக்கிறார். இப்போது நம்ம சென்னை ஐஐடியில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 5,132 மூளைச் சீவல்களைப் படம் எடுத்து முப்பரிமாணத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 2024 டிசம்பரில் வெளியிட்டது. அவர்கள் எடுத்ததும் கருவில் வளரும் பருவத்து மூளைதான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, வட்டக்கானல்