திரும்பி வந்த சிதம்பரம் பிள்ளை

கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்து யூத ஜனங்களைச் சிறைகொண்டு போயினர். ஆலயமற்ற அந்நாட்களில் அவர்களைக் கலையாது காத்தது முன்னோர் அளித்த வேதமே. கி.மு. 538-இல் பாரசீக மன்னன் அனுமதியளிக்கவே, ஒரு பகுதியார் திரும்பிச் சென்று, இடிபாடுகளின்மீது மீண்டும் ஆலயம் எழுப்பினர்.

இச்சரித்திரம் முன்னாளில் முத்துக் குளித்த நமது தூத்துக்குடிக் கரையை நினைப்பூட்டுகிறது. 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-இல் இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, வெள்ளையர் கப்பலுக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி அவருக்கு ஆயுள் பரியந்தம் தீவாந்தர சிட்சை விதித்தனர். அப்பீலில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையினின்று 1912-இல் வெளிவந்தார்.

அதற்குள் கம்பெனி கலைந்திருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. ஊரைப் பிரிந்து சென்னையில் வறுமையோடு போராடிய காலத்தும் அவர் தமிழ் ஏட்டைக் கைவிடவில்லை. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் அச்சேற்றினார். பின்னர்ச் சன்னது திரும்பக் கிடைத்தது. 1932-இல் தூத்துக்குடி திரும்பினார். 1936 நவம்பர் 18-இல் அங்கேயே உயிர்நீத்தார்.

யூதர் கூட்டமாய்த் திரும்பினர், ஆலயம் எழுந்தது. பிள்ளையவர்கள் தனியே திரும்பினார். அவருடைய கப்பலை மீண்டும் மிதக்கவிட ஒரு கூட்டம் சேரவில்லை. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது, அது நன்றே. ஆயினும், தியாகி உயிரோடு திரும்பும் நாளிலேயே அவரை எதிர்கொண்டு அவர் வேலையைத் தோளிலேற்பது ஜனங்களின் கடமையென்று நாம் கருதுகிறோம்.