தோமையார் மலைக்குப் படி கட்டியவர்

அர்மீனியன் தெரு என்றால் பொன்னேரியில் நம்மில் பலருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் அங்குள்ள புனித அந்தோணியாரைத் தரிசிக்க ரயிலேறிச் செல்லும் தாய்மார்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் அந்த அர்மீனியர்கள் யார் என்று நாம் கேட்டதுண்டா? சென்ற டிசம்பர் 18-ஆம் தேதி என் பாட்டியுடன் தோமையார் மலைத் திருவிழாவிற்குச் செல்லும் வரையில் நானும் கேட்டதில்லை.

பாட்டிக்கு முழங்கால் வலி. வண்டி போகும் பாதை இருந்தும், படியேறித்தான் மாதாவைப் பார்ப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்த ஒரு வேளையில், இந்தப் படிகளைக் கட்டியவர் யார் பாட்டி என்றேன். யாரோ புண்ணியவான் என்றார். அந்தப் புண்ணியவானின் பெயர் கோஜா பெத்ருஸ் உஸ்கான்.

அர்மீனியர்கள் மிகப் பழைய கிறிஸ்தவ மக்கள். கி.பி. 301-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவத்தைத் தங்கள் நாட்டின் சமயமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர்களது மரபு. மலைப்பாறையைக் குடைந்து கெகார்ட் என்னும் துறவுமடத்தை அமைத்தவர்கள். கல்லிலே சிலுவை செதுக்குவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. 1604-ஆம் ஆண்டு வாக்கில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்ற நகரத்து அர்மீனியர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய், தம் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகில் குடியேற்றினார். ஊரை இழந்த அம்மக்கள் புதிய இடத்திற்கும் ஜுல்பா என்றே பெயர் வைத்தார்கள். அங்கே 1655 முதல் 1664 வரை கட்டப்பட்ட அவர்களது மடத்துப் பேராலயம் வெளியிலிருந்து பார்த்தால் பாரசீக மசூதியைப் போலக் குவிமாடத்துடன் இருக்கும். உள்ளே சென்றால் சுவரெங்கும் வேதாகமக் காட்சிகள்!

அந்தப் புதிய ஜுல்பாவில்தான், 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெத்ருஸ் பிறந்தார். கோஜா என்பது பெருவணிகர்களுக்கு உரிய மரியாதைப் பட்டம். அக்காலத்தில் ஸ்பானியர் ஆண்ட மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லை. அர்மீனியருக்குத் தடை இல்லாததால் சென்னைச் சரக்குகள் அவர்கள் வழியாகவே அங்கே சென்றன. பெத்ருசும் மணிலா வாணிபத்தில் பெரும் செல்வம் ஈட்டி, பின்னர் சென்னையிலேயே தங்கிவிட்டார்.

தோமையார் மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் என்ன ஆகும் என்று ஆரணியாற்றங்கரையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெத்ருஸ் தம் சொந்தப் பணம் 30,000 வராகனைச் செலவழித்து 1726-இல் அங்கே ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயரை வாயில் நுழையாமல் ஆங்கிலேயர் மர்மலாங் ஆக்கிவிட்டதால் அது மர்மலாங் பாலம் எனப்பட்டது. மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளையும் அமைத்தார். கட்டிவிட்டுப் போய்விடவில்லை, பிற்காலப் பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கினார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திறப்பு விழாவோடு மறந்துபோகும் கட்டடங்களை நாம் எத்தனை பார்க்கிறோம்!

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். புதுச்சேரிக்கு வந்து குடியேறினால் உடைமைகளைத் திருப்பித் தருவதாக அவர்கள் தரப்பில் பெத்ருசுக்குச் சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். உடைமைகள் பறிமுதலாயின. வணிகர் ஏதோ கணக்குப் போட்டுத்தான் மறுத்திருப்பார் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு வென்று கொண்டிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கணக்குப் பார்ப்பவராயின் புதுச்சேரிக்கல்லவா போயிருப்பார்?

1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1751 ஜனவரி 15-ஆம் நாள் பெத்ருஸ் இறைவனடி சேர்ந்தார். வேப்பேரியில் அற்புதங்களின் அன்னைக்குத் தாம் கட்டிய சிற்றாலயத்திலே அவரை அடக்கம் செய்தார்கள். உடல் மட்டுமே இங்கே தங்கியது. அவரது விருப்பப்படி இதயத்தைத் தனியே எடுத்து, ஒரு பெட்டியில் வைத்து, கடல் கடந்து ஜுல்பாவுக்குக் கொண்டுசென்று புதைத்தார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. புதுச்சேரிக்குப் போக மறுக்கும் அளவுக்குச் சென்னையை நேசித்தவர், கடைசியில் தாய்மண்ணையும் மறக்க முடியாமல் தவித்திருக்கிறார்.

அவர் மறைந்த மறு ஆண்டே ஆங்கிலேயர் வேப்பேரி ஆலயத்தைப் புராட்டஸ்டண்டு குருவான ஃபெப்ரீசியுஸ் ஐயரிடம் ஒப்படைத்துவிட்டனர். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவரும் அகராதி தந்தவரும் அவரே என்றாலும், மாதாவுக்கென்று கட்டிய பெத்ருசை நினைத்தால் மனம் கொஞ்சம் வருந்துகிறது. அவ்விடத்தில் இன்று புனித மத்தியாஸ் ஆலயம் இருக்கிறது. மர்மலாங் பாலமும் இப்போது இல்லை. 1966-இல் அதனிடத்தில் மறைமலையடிகள் பாலம் வந்தது. அர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறித்த பழைய கல்வெட்டு பாலத்தருகே சாலையோரத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்று நின்றது.

படிகள் மட்டும் மிஞ்சின. இவ்வளவையும் தெரிந்துகொண்டு பாட்டியிடம் சொன்னேன். வாய் திறக்காமல் கேட்டிருந்தவர், அந்தப் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிப் பழகிக்கொண்டார். வருகிற டிசம்பரில் மலைக்குப் போகும்போது முதல் படியிலேயே உட்கார்ந்து உஸ்கானுக்காக ஒரு ஜெபமாலை சொல்ல வேண்டுமாம். அதற்குள் முழங்காலுக்குத் தைலமும் வாங்கி வைத்தாயிற்று.